ஜாலான் ஆம்பாஸில் ஒரு தமிழ் இயக்குநர்: எல். கிருஷ்ணனும் மலாய்த் திரைப்படமும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சில செய்திகள் தவறாமல் நம் நாவில் வந்து நிற்கும். துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் உழைத்தவர்கள், சிராங்கூன் சாலைக் கோயில்கள், தேக்காச் சந்தை, தமிழ்ப் பள்ளிகள், தமிழ் நாளிதழ்கள், தொழிற்சங்கங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவை யாவும் உண்மை; இவை யாவும் சொல்லப்பட வேண்டியவை. ஆயினும் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஓர் இயல் உண்டு. 1940களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தென்கிழக்காசியாவின் மலாய்த் திரைப்படங்களுக்குச் சிங்கப்பூரே தலைநகராக விளங்கியது. அந்தப் படங்களின் தொடக்க காலத்தில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.

அவ்வாறு இருந்தவர்களுள் ஒருவர் எல். கிருஷ்ணன். மலாய்த் திரையுலகின் ஒப்பற்ற கலைஞராகப் போற்றப்படும் பி. ரம்லியைக் கதாநாயகனாக முதன்முதல் நிறுத்தியவர் அவர். மலேசியாவில் டத்தோ எனும் விருதுப் பெயருடன் மதிக்கப்பட்டவர். ஆயினும் நம் மாணவர் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றிரார். அவருடைய படங்கள் தமிழில் அமையாததே இதற்கு முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம். ஒரு தமிழர் வேற்று மொழியில் ஆற்றிய பணியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடை காண, முதலில் இடத்தையும் காலத்தையும் அறிதல் வேண்டும்.

கரும்புச் சக்கையின் தெரு

லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் பாலஸ்டியர் சாலை குறுக்கிடும். அமெரிக்கத் தூதராக இங்கு வந்த ஜோசப் பாலஸ்டியர் என்பவரின் பெயரால் அமைந்த சாலை அது. அவர் 1830களில் அப்பகுதியில் கரும்புத் தோட்டம் அமைத்திருந்தார். அச்சாலையிலிருந்து பிரியும் சிறிய தெருவின் பெயர் ஜாலான் ஆம்பாஸ். மலாயில் ‘ஆம்பாஸ்’ என்றால் சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கை என்று பொருள். கரும்புத் தோட்டத்தின் நினைவே தெருப்பெயராக நிலைத்தது என்பர்.

இத்தெருவின் எட்டாம் எண் வளாகத்தில்தான் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக் கூடம் இயங்கியது. மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் என்பது அந்நிறுவனத்தின் பெயர். போருக்குப் பின்னர் 1947இல் ‘சிங்கப்பூரா டி வக்து மாலாம்’ என்னும் படத்துடன் தொடங்கி, 1967இல் மூடப்படும் வரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களை அது உருவாக்கியது. 1953 முதல், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் கேத்தே கெரிஸ் என்னும் மற்றொரு நிறுவனம் போட்டியாக எழுந்தது. இவ்விரு கூடங்களிலிருந்தும் வெளிவந்த படங்கள் மலாயா, போர்னியோ முதலிய நிலப்பகுதிகளெங்கும் திரையிடப்பட்டன.

அந்தக் கூடத்தின் அமைப்பை மாணவர்கள் மனக்கண்ணில் காண வேண்டும். முதலாளிகள் சீனர், நடிகர்களும் பாடகர்களும் மலாய்க்காரர், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய தொழில்நுட்பப் பணிகளில் சீனரும் இந்தியரும் இருந்தனர், இயக்குநர்கள் இந்தியர். சிங்கப்பூர் தனிக்குடியரசாக மலர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பல இனத்தார் ஒரே கூரையின்கீழ் ஒரே பொருளைப் படைப்பதற்கு ஒரு மாதிரி அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்தது. அந்த மாதிரியில் உறவும் இருந்தது, உரசலும் இருந்தது.

இந்திய இயக்குநர்கள் ஏன்?

சீன முதலாளிகள் மலாய்ப் படம் எடுக்க இந்தியரைத் தேடியது எதனால் என்று வினவலாம். இதற்கு இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, வணிக அனுபவம். சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படமாகக் கருதப்படுவது ‘சின் கே’ என்னும் சீன ஊமைப்படம். அது 1927இல் வெளிவந்தது. மலாய் மொழியில் முதல் படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் ‘லைலா மஜ்னூன்’ 1934இல் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தது பம்பாயைச் சேர்ந்த மோத்திலால் கெமிக்கல் நிறுவனம், இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். பின்னர் ஷா சகோதரர்கள் சீன இயக்குநர்களைக் கொண்டு சில மலாய்ப் படங்களை எடுத்தனர். அவர்களுள் ஒருவரான ஹோவ் யாவ், 1942இல் ஜப்பானியப் படையினரால் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் ஷா நிறுவனம் மீண்டும் ராஜ்ஹான்ஸையே அழைத்தது. மலாயாவின் திரையரங்குகளில் இந்தியப் படங்களை மலாய் மக்கள் விரும்பிப் பார்த்ததை அரங்குகளின் உரிமையாளர்களான ஷா சகோதரர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மலாய் மக்களிடையே ‘பங்சாவான்’ என்னும் இசைநாடக மரபு செழித்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பினாங்கிற்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு உருவான மரபு அது. வண்ணத் திரைச்சீலைகள், காட்சிக்குக் காட்சி பாடல், அரசர் கதைகள், கண்ணீரை வரவழைக்கும் பிரிவுகள், இடையிடையே நகைச்சுவை ஆகியன அதன் கூறுகள். தமிழகத்திலும் அதே பார்சி நாடகத்தின் தாக்கத்தில் கம்பெனி நாடகங்கள் வளர்ந்தன; அந்த நாடக மேடைகளிலிருந்தே தமிழ்த் திரைப்படத்தின் முதல் நடிகர்களும் பாடகர்களும் வந்தனர். ஆக, தமிழ்ப் படமும் மலாய்ப் படமும் ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரு வாய்க்கால்கள். சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வந்த இயக்குநருக்குப் பங்சாவான் நடிகரின் நடையும் பாட்டும் அந்நியமாகத் தோன்றியிரா.

இவ்வழியில் வந்தோர் பலர். தமிழில் ‘சாலிவாகனன்’ முதலிய படங்களை இயக்கிய பி. என். ராவ் சிங்கப்பூருக்கு வந்து பல மலாய்ப் படங்களை எடுத்தார். 1957இல் வெளிவந்த ‘பொந்தியானாக்’ என்னும் பேய்ப்படம் அவருடையது. எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் ஆகியோர் ஷா கூடத்தில் பணிபுரிந்தனர். வங்காளத்தின் புகழ்பெற்ற இயக்குநரான பணி மஜூம்தார் 1956இல் ‘ஹங் துவா’ படத்தை வண்ணத்தில் எடுத்தார். அது மறு ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் பங்கேற்றது.

மொழி அறியாத இயக்குநர்

இவர்களுள் பலருக்கு ஒரு பெருங்குறை இருந்தது: மலாய் மொழி தெரியாது. திரைக்கதை ஆங்கிலத்தில் எழுதப்பெறும்; உதவியாளர் ஒருவர் அதனை மலாயில் பெயர்ப்பார்; நடிகர் அதனைப் பேசுவார்; பேசியது சரியா என்பதை இயக்குநர் தம் செவியால் அன்றி, நடிகரின் முகத்தாலும் உதவியாளரின் தலையசைப்பாலும் முடிவு செய்வார்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. தமிழ்த் திரைப்படமும் இதே நிலையைக் கண்டதுண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியா வந்து, தமிழ் அறியாமலேயே பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படங்களை இயக்கினார். எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதிலீலாவதி’ (1936) அவர் இயக்கியது. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’, ‘மீரா’ ஆகியவையும் அவருடையவை. மு. கருணாநிதியின் உரையாடலைக் கொண்ட ‘மந்திரி குமாரி’யையும் அவர் 1950இல் டி. ஆர். சுந்தரத்துடன் இணைந்து இயக்கினார். சொல்லின் சுவைக்காகவே மக்கள் கொண்டாடிய ஒரு படத்தை இயக்கியவர்களுள் ஒருவருக்கு அச்சொற்களின் பொருள் பிறர் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

டங்கனைத் தமிழர் இன்று நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். ஒளியமைப்பு, கேமரா நகர்வு, படத்தொகுப்பு ஆகியவற்றில் அவர் கற்றுத்தந்தவை மிகுதி. எனினும் மொழியறிந்த இயக்குநர்கள் தோன்றிய பின்னரே தமிழ்ப் படம் தமிழர் வாழ்வை உள்ளிருந்து பேசத் தொடங்கியது என்பதையும் நாம் அறிவோம். அந்த இரு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் கொண்டால், சிங்கப்பூரில் நிகழ்ந்தவற்றை நடுநிலையுடன் நோக்க இயலும். அதே நோக்கில், டங்கனிடமிருந்து கிருஷ்ணன் எவ்விடத்தில் வேறுபடுகிறார் என்பதும் விளங்கும்.

பினாங்கில் வளர்ந்தவர்

எல். கிருஷ்ணன் 1922ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து பினாங்கில் வளர்ந்தார். தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கலந்தொலிக்கும் ஊர் அது. படம் எடுப்பதற்காகக் கப்பலேறி வந்த இயக்குநர்களுக்கு மலாய் என்பது மொழிபெயர்ப்பாளரின் வழியே வந்தடைந்த மொழி. கிருஷ்ணனுக்கோ அது விளையாட்டிலும் கடைத்தெருவிலும் செவியில் விழுந்து பழகிய மொழி. அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அடிப்படை வேறுபாடு இதுவே.

1950இல் அவர் ஷா கூடத்திற்காக ‘பக்தி’ என்னும் படத்தை இயக்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை. இந்தத் தலைப்பைத் தமிழ் மாணவர் கண்டவுடன் இறைவழிபாட்டுப் படம் என்று எண்ணக்கூடும். ஆனால், வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த அதே சொல் மலாய்க்குச் சென்று வேறொரு நிறம் பெற்றுவிட்டது. மலாயில் ‘பக்தி’ என்றால் அன்பினாலும் நன்றியினாலும் ஆற்றும் தொண்டு. பெற்றோருக்குச் செய்யும் கடமை. நாட்டுக்கு அளிக்கும் உழைப்பு. ‘பெர்பக்தி’ என்னும் வினை இன்றும் அப்பொருளில் வழங்குகிறது.

இச்சிறு சொல்லை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கப்பல், கடை, கட்டில் ஆகிய தமிழ்ச் சொற்கள் கப்பால், கெடாய், காத்தில் என மலாயில் வாழ்கின்றன என்பதைப் பெருமையுடன் நாம் வகுப்பறையில் கூறுகிறோம். அது தொடக்கமே. ஒரு சொல் எல்லை கடக்கும்போது அதன் பொருளும் புதிய மண்ணில் வேர்விட்டு வளர்கிறது. தமிழின் பக்தியை மலாயின் பக்தி என்று கொண்டு படமெடுப்பவர் தவறான படத்தை எடுப்பார். இரண்டையும் அறிந்தவருக்கே, ஒன்றுபோல் தோன்றும் இரு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவு தெரியும். இந்திய இயக்குநர்கள் எடுத்த மலாய்ப் படங்களின் வெற்றியும் தோல்வியும் இந்தத் தொலைவை அறிவதிலும் அறியாததிலும் தங்கியிருந்தன எனலாம்.

ரம்லியை முன்னிறுத்தல்

பி. ரம்லி 1929இல் பினாங்கில் பிறந்தவர். கிருஷ்ணனைவிட ஏறத்தாழ ஏழு வயது இளையவர். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்டு, சிங்கப்பூருக்கு அழைத்தவர் ராஜ்ஹான்ஸ். அவ்வாண்டில் வெளிவந்த ‘சிந்தா’ என்னும் படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது எதிர்நாயகன் வேடம். அதே படத்தில் கதாநாயகனுக்காகப் பின்னணியில் பாடியதும் ரம்லியே. ஒருவர் நடிக்க, மற்றொருவர் குரல் கொடுக்கும் இந்தியத் திரையுலக முறை இங்கும் வழக்கில் இருந்தது. ஆகவே, மக்கள் அவருடைய குரலை விரும்பினர். ஆனால் அக்குரல் மற்றொருவர் முகத்திலிருந்து வந்தது. அவருடைய முகம் திரையில் தோன்றியபோது அது தீயவனின் முகமாக இருந்தது.

‘பக்தி’யில்தான் ரம்லியின் குரலும் முகமும் ஒன்றாயின. கிருஷ்ணன் அவரைக் கதாநாயகனாக நிறுத்தினார். தம் பாடல்களைத் தாமே பாடி நடிக்க வைத்தார். அக்காலத்துத் திரை நாயகனுக்குரிய அழகிலக்கணம் ரம்லிக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. ஆயினும் அந்த இளைஞரிடம் இருந்த இயல்பான பேச்சு, பாடல், நகைச்சுவை ஆகியவற்றை மலாய் அறிந்த செவி ஒன்று கேட்டது. இவற்றை மொழிபெயர்ப்பாளர் பெயர்த்துச் சொல்ல இயலாது. ஒரு சொல்லை எவ்விடத்தில் இழுத்து, எவ்விடத்தில் விழுங்கி நகைப்பை உண்டாக்குகிறார் என்பதை நேரே கேட்டுணர்தல் வேண்டும்.

அதே ஆண்டில் ‘தக்டிர் இலாஹி’, மறு ஆண்டில் ‘பெங்ஹிடுப்பான்’, 1952இல் ‘அந்தாரா சென்யூம் டான் தாங்கிஸ்’ என்று அவருடைய படங்கள் தொடர்ந்தன. இத்தலைப்புகளை முறையே இறைவன் வகுத்த விதி, வாழ்க்கை, புன்னகைக்கும் அழுகைக்கும் இடையே என்று தமிழில் கூறலாம். அக்காலத் தமிழ்ப் பட விளம்பரங்களைப் பார்த்திருப்போர், இவை தமக்கு அறிமுகமான உலகம் என்பதை உடனே உணர்வர். குடும்பம், பிரிவு, வறுமை, விதி, மன்னிப்பு ஆகியவற்றைச் சுற்றியே இரு மொழிப் படங்களும் சுழன்றன.

குறை கூறியோரும் சரியே

இவ்விடத்தில் நாம் ஓர் எச்சரிக்கையையும் ஏற்க வேண்டும். ‘மலாய்ப் படத்தை நாமே உருவாக்கினோம்’ என்று மார்தட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்காலத்து மலாய் எழுத்தாளரும் இதழாளரும் இந்தப் படங்களைக் கடுமையாகக் குறை கூறினர். கதைகள் இந்தியப் படங்களின் நகல்களாக உள்ளன, மலாய்க் கம்பத்து வாழ்வு அவற்றில் இல்லை, மாந்தர் மலாய் உடை உடுத்தி இந்தியப் பாங்கில் நடந்துகொள்கின்றனர் என்பன அவர்களுடைய குற்றச்சாட்டுகள். அவற்றுள் பெரும்பகுதி உண்மையே. தம் மொழியில் தம் மக்களைப் பற்றிய படத்தைத் தாமே இயக்க வேண்டும் என்னும் அவாவும் நியாயமானதே. தமிழருக்கு இந்த உணர்வு எளிதில் விளங்கும்.

1952இல் ஹாஜி மஹாதி என்னும் மலாய்க்காரர் ‘பெர்மாத்தா டி பெர்லிம்பாஹான்’ என்னும் படத்தை இயக்கினார். அது வணிகத்தில் வெல்லவில்லை. 1955இல் ரம்லியே இயக்குநராகி, மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டும் ஏழையைப் பற்றிய ‘பெனாரெக் பெச்சா’வை எடுத்தார். அப்படத்தின் வெற்றி கதவைத் திறந்துவிட்டது. உதவியாளராக இருந்து தொழில் கற்ற ஜமில் சூலோங் போன்றோர் அடுத்தடுத்து இயக்குநராயினர். 1957இல் ஷா கூடத்தின் கலைஞர்களும் ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தப் போராட்டத்தில் அவர்களுடைய சங்கத் தலைவராக முன்னின்றவர் ரம்லி.

மாற்றத்தின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மலாய் மரபில் ஹங் துவா, ஹங் ஜெபாட் என்னும் இரு நண்பரின் கதை மிகப் புகழ்பெற்றது. மன்னனுக்கு எந்நிலையிலும் பணிந்து நிற்பவன் துவா. அநீதி இழைத்த மன்னனை எதிர்த்து எழுபவன் ஜெபாட். பணி மஜூம்தார் 1956இல் எடுத்த படம் துவாவின் பெயரைத் தாங்கி, அவனையே வீரனாக முன்வைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1961இல் ஹுசைன் ஹனீப் கேத்தே கெரிஸில் எடுத்த படத்தின் பெயர் ‘ஹங் ஜெபாட்’. அதில் எதிர்த்து நின்றவனே நாயகன். மன்னனிடம் கொண்ட பற்று பெரிதா, நட்பும் நீதியும் பெரியனவா என்னும் வாதம் மலாய்ச் சமுதாயத்திற்குள் நடந்துகொண்டிருந்த வாதம். அதைக் கேட்டு அதற்கு உருவம் கொடுக்க, அச்சமுதாயத்தின் உள்ளேயே வாழும் ஒருவர் தேவைப்பட்டார்.

ஆகவே இந்திய இயக்குநர்கள் வந்ததும் காலத்தின் தேவை. அவர்கள் விலகி வழிவிட்டதும் காலத்தின் தேவை. நல்லாசிரியர் ஒருவர் தம் மாணவர் தம்மினும் மேலாகப் பாடுவதைக் கேட்கும் வரை கற்பித்துவிட்டு, பின் ஒதுங்கி அமர்வார். எல்லா இயக்குநரும் அவ்வளவு பெருந்தன்மையுடன் ஒதுங்கினர் என்று நாம் கூறவில்லை. விளைவு அவ்வாறு அமைந்தது என்றே கூறுகிறோம்.

பிற்கால வாழ்வு

கிருஷ்ணன் ஷா கூடத்தை விட்டுக் கேத்தே கெரிஸுக்குச் சென்றார். அங்கு அவர் எடுத்த படங்களுள் 1958இல் வெளிவந்த ‘ஓராங் மின்யாக்’ குறிப்பிடத்தக்கது. உடல் முழுவதும் எண்ணெய் பூசிக்கொண்டு இரவில் உலவுவதாக மலாய்க் கிராமங்களில் பேசப்பட்ட அச்சமூட்டும் உருவத்தைப் பற்றியது அது. கதைக்காக இந்தியாவை நோக்காமல், இம்மண்ணின் கதைகூறலை நோக்கிக் காது திரும்பியிருப்பதை இங்கே நாம் காணலாம்.

1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் மெர்டேகா படப்பிடிப்புக் கூடம் எழுந்தபோது அவர் அங்கே பணியாற்றினார். 1964இல் ரம்லியும் சிங்கப்பூரை விட்டு அங்குச் சென்றார். தொலைக்காட்சி வந்தது, பார்வையாளர் குறைந்தனர், சிங்கப்பூரும் மலேசியாவும் 1965இல் பிரிந்தன, 1967இல் ஜாலான் ஆம்பாஸின் விளக்குகள் அணைந்தன. ரம்லி 1973இல் தம் 44ஆம் வயதில் மறைந்தார். கிருஷ்ணன் கதைப்படங்களிலிருந்து விலகி, விளம்பரப் படங்களும் ஆவணப் படங்களும் எடுக்கும் துறையில் நெடுங்காலம் ஈடுபட்டார். தாம் கதாநாயகனாக்கிய இளைஞர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த 2023இல், தம் நூறாவது வயதில் அவர் காலமானார். அந்தக் காலத்தை நேரில் கண்டு கூறத்தக்க கடைசிச் சிலருள் ஒருவர் அவருடன் மறைந்தார்.

எஞ்சியவை

படம் என்பது எளிதில் அழியும் பொருள். பி. என். ராவின் ‘பொந்தியானாக்’ படத்திற்கு மக்கள் திரண்டனர். இன்றோ அதன் பிரதி ஒன்றேனும் கிடைக்கவில்லை. அவ்வாறே காணாமற்போன படங்கள் பல. நல்லூழாக, சிங்கப்பூரில் 2005இல் நிறுவப்பட்ட ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் கேத்தே கெரிஸின் 91 மலாய்ப் படங்களைப் பேணி வருகிறது. 2014இல் அத்தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஜாலான் ஆம்பாஸில் பழைய கூடத்தின் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. பாலஸ்டியர் மரபுடைமைப் பாதையில் அதுவும் ஓர் இடமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

படங்களைக் காப்பகம் பேணும். அவற்றில் நம்மவர் ஆற்றிய பங்கின் நினைவை யார் பேணுவது? மலாய்ச் சமூகம் ரம்லியைப் பற்றிப் பேசும்போது கிருஷ்ணனின் பெயரையும் மறவாமல் கூறுகிறது. தமிழ்ச் சமூகமோ, அவர் தமிழில் படம் எடுக்காததால் தன் கணக்கில் அவரைச் சேர்க்கவில்லை. மொழியின் எல்லையையே வரலாற்றின் எல்லையாகவும் கொண்டுவிட்டால், பிறரோடு கலந்து வாழ்ந்த ஒரு மக்களின் வாழ்வில் பாதி விடுபட்டுப்போகும். சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வு தமிழில் மட்டும் நடந்ததில்லை.

எதிர்த்திசையிலும் இந்தப் பயணம் நிகழ்ந்துள்ளது. 2008இல் சீன இனத்தவரான எரிக் கூ என்னும் சிங்கப்பூர் இயக்குநர், தமிழ் உரையாடல் கொண்ட ‘மை மேஜிக்’ படத்தை எடுத்தார். கான் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படம் அது. 2016இல் நம்மவரான கே. ராஜகோபால் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’ அதே கான் நகரில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. 1950இல் தமிழர் ஒருவர் மலாய்க் குரலைத் திரைக்குக் கொணர்ந்தார். பின்னாளில் சீனர் ஒருவர் தமிழ்க் குரலை உலக அரங்கிற்குக் கொண்டுசென்றார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எவரும் கணக்குத் தீர்த்துவிட இயலாது. தீர்க்க வேண்டியதும் இல்லை.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்களுக்கு மூன்று பணிகளைப் பரிந்துரைக்கிறோம். முதலாவதாக, மலாய் அறிந்த நண்பரின் துணையுடன் அக்காலப் படமொன்றின் சில நிமிடங்களை மாணவர் காணட்டும். பின்னர், அதே ஆண்டைச் சேர்ந்த தமிழ்ப் படமொன்றின் காட்சியை அதனுடன் ஒப்பிடட்டும். பாடல் எவ்விடத்தில் வருகிறது, தாயின் சொல்லுக்கு எவ்வளவு எடை, நகைச்சுவை யாருடைய வாயிலிருந்து வருகிறது ஆகிய வினாக்களே போதும்.

இரண்டாவதாக, இரு மொழிகளிலும் வழங்கி, பொருள் மாறிய சொற்களை மாணவர் திரட்டலாம். ‘பக்தி’ அதற்கு நல்ல தொடக்கம். ஒத்த சொற்களைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், எவ்விடத்தில் பொருள் பிரிகிறது, ஏன் பிரிகிறது என்று ஆராய்வது அவர்களுடைய தமிழறிவையும் கூர்மையாக்கும்.

மூன்றாவதாக, தம் குடும்பத்து முதியோரிடம் அவர்கள் பார்த்த மலாய்ப் படங்களைப் பற்றி மாணவர் கேட்டறியலாம். நம் பாட்டிமாரும் தாத்தாமாரும் பலர் ரம்லியின் பாடல்களை இன்றும் முணுமுணுக்க வல்லவர்கள். அந்த நினைவுகள் எழுத்தில் பதிவானால், கிருஷ்ணனைப் போன்றோரின் வாழ்வுக்குச் சுற்றுப்புறமாக இருந்த ஒரு காலம் நமக்கு மீண்டும் கிடைக்கும்.

தாய்மொழியை நன்கு கற்க வேண்டும் என்று நாம் மாணவரிடம் ஓயாமல் வலியுறுத்துகிறோம். அதனோடு, அண்டை வீட்டாரின் மொழியைக் காது கொடுத்துக் கேட்கவும் கற்பிப்போம். கிருஷ்ணன் செய்தது அதுவே. அதனால்தான் நடிகர் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரின் குரலை அவரால் இனங்காண முடிந்தது.